கையால் செய்யும் மரச்சாமான்களுக்கு ஆர்டர் பிடிப்பது எப்படி? பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சிப் பக்கம் ஒரு சின்ன மரப்பட்டறை நடத்துகிறேன். அளவு சொன்னால் செய்து கொடுக்கும் வேலைதான். கடையும் கிடையாது, ஷோரூமும் கிடையாது. புதிதாகப் பட்டறை போட்டவர்களும், அப்பாவிடமிருந்து தொழிலை வாங்கிக்கொண்ட இளைஞர்களும் போனில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை. வேலை நன்றாகத் தெரிந்தும் ஆர்டர் வராமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதியது.

ஷோரூமில் பாதி விலைக்குக் கட்டில் கிடைக்கிறதே, என்னிடம் யார் வாங்குவார்கள்?

பாதி விலைக்குக் கட்டில் தேடுகிறவர் உங்களிடம் வாங்க மாட்டார். அவரோடு பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். ஷோரூமுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நமக்கு ஆகிற மாதிரி ஒன்றும் இல்லையே" என்று வெறுங்கையோடு திரும்புகிறவர்தான் உங்கள் ஆள். அப்படிப்பட்டவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நாற்காலியின் உட்காரும் பலகை பெரும்பாலும் 18 அங்குல உயரத்துக்குள்தான் வரும், சோபா அதைவிடத் தாழ்வு. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கைகொடுக்க வேண்டும். உட்காரும் பலகை 20, 21 அங்குலத்தில் இருந்து, கைப்பிடி முன்பக்கம் ஊன்றி எழ வாகாக நீண்டிருந்தால் அவர்களுக்கு அது பெரிய விடுதலை. இதற்காகத் தேடி அலையும் மகனும் மகளும் விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பழைய வீட்டை இடித்தவர்கள் இன்னொரு கூட்டம். உத்திரம், கதவு, நிலை எல்லாவற்றையும் பழைய மர வியாபாரிக்குக் கொடுக்க மனசு வராமல் கொட்டகையில் போட்டு வைத்திருப்பார்கள். அந்த உத்திரத்தைச் சாப்பாட்டு மேசையாகவோ ஊஞ்சல் பலகையாகவோ மாற்றித் தர எந்த ஷோரூமும் வராது. ஆனால் பழைய மரத்துக்குள் ஆணி இருக்கும். அறுப்பதற்கு முன் ஆணி தேடும் கருவியை வைத்துப் பார்த்துவிடுங்கள். அறுவை மில்லில் பிளேடு போனால் உங்கள் தலையில்தான் விடியும். ஆணி எடுக்கும் கூலியைத் தனியாகச் சொல்லிவிடுவதும் நல்லது.

மெத்தையை முதலிலேயே வாங்கிவிட்டவர்களும் வருவார்கள். மெத்தை நீளம் 72, 75, 78 அங்குலம் என்று பலவிதம். கட்டில் ஓர் அளவு, மெத்தை ஓர் அளவு என்று மாட்டிக்கொண்டு தவிப்பார்கள். அப்புறம் மாண்டிசோரிப் பள்ளிகள், பல் டாக்டர் கிளினிக்குகள், காரைக்குடிப் பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியவர்கள். இவர்கள் ஒன்று வாங்கி நிறுத்துவதில்லை, பத்தும் இருபதுமாகச் செய்யச் சொல்வார்கள்.

"எல்லாவித மரவேலைகளும் செய்து தரப்படும்" என்று போர்டு வைத்தால் போதாதா?

அந்த போர்டைப் பார்த்து வருகிறவர் கழன்ற கதவுக் கீல் மாட்டச் சொல்லித்தான் வருவார். செய்யத் தெரிந்தது எல்லாம் இருக்கட்டும். ஊருக்கு உங்களை ஒரு பொருளை வைத்து அடையாளம் தெரிய வேண்டும்: "ஊஞ்சல் செய்வாரே, அவர்", "மடக்குற கொலுப்படி போடுவாரே, அவர்".

அந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டில் கூடத்தில் இருப்பதாக, விருந்தாளி கண்ணில் படுவதாக இருக்க வேண்டும். பீரோவும் சமையலறைக் கப்போர்டும் நல்ல வருமானம்தான், ஆனால் படுக்கையறைக்குள் போய் யார் பார்க்கப்போகிறார்கள்? ஊஞ்சல் அப்படி இல்லை. வருகிற ஒவ்வொருவரும் அதில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போவார்கள், ஆடிக்கொண்டே "எங்க செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். கொலுப்படியும் அப்படித்தான். நவராத்திரி ஒன்பது நாளும் தெருவே வந்து பார்க்கும். பூஜை மண்டபம், சாப்பாட்டு மேசை, வாசல் பெஞ்சு ஆகியவையும் இந்த வகைதான்.

என் வேலையை ஒருவருக்கும் தெரியாது. முதல் ஆர்டர் எங்கிருந்து வரும்?

நீங்கள் செய்த பொருள் எந்த வீட்டில் நிற்கிறதோ, அந்த வீட்டுக்கு வந்துபோகிறவரிடமிருந்து. என் பட்டறைக்கு வரும் ஆர்டர்களில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். விளம்பரத்துக்குக் கொடுத்த காசு இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அதனால் முதல் சில பொருட்கள் எங்கே போய் நிற்கின்றன என்பதை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடாதீர்கள். ஆட்கள் வந்து காத்திருக்கும் இடமாகப் பாருங்கள். தெரிந்த டாக்டரின் வரவேற்பறை, வக்கீல் ஆபீஸ், பாட்டு டீச்சர் வீடு, பெரிய டெய்லர் கடை. அங்கே ஒரு பெஞ்சை மரச் செலவும் கூலியும் மட்டும் வாங்கிக்கொண்டு செய்து கொடுங்கள். இலவசமாகக் கொடுக்காதீர்கள். இலவசமாக வந்ததைப் பற்றி யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள், விலை கேட்டால் "சும்மா கொடுத்தார்" என்பார்கள். அது உங்களுக்குக் கெடுதல்.

பெஞ்சின் அடிப்பக்கம் சின்னப் பித்தளைத் தகட்டில் பட்டறைப் பெயரும் போன் நம்பரும் பொறித்து அடித்துவிடுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம், ஒரு மழைக்காலம் தாங்காது. அஞ்சாறு வருஷம் கழித்தும் அந்தத் தகட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று: டெலிவரி அன்று நீங்களே போங்கள். குட்டி யானையில் ஏற்றி விட்டுவிட்டு டிரைவரை நம்பி இருந்துவிடாதீர்கள். பொருளை இறக்கி, தரை மட்டம் பார்த்து, கால் ஆடினால் சரிசெய்து, துடைத்து வைத்துவிட்டு வாருங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பது அந்த நேரத்தில்தான்.

இன்டீரியர் டிசைனர்கள், ஆர்க்கிடெக்டுகளை அணுகலாமா?

அணுகுங்கள். ஆனால் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால், மரத்தை மரத்துக்குள் செருகிச் செய்த ஓர் இணைப்பு மாதிரியையும், மூன்று வித பாலிஷ் போட்ட ஒரு சாண் பலகையையும் எடுத்துப் போங்கள். டிசைனர் அதை மேசையில் வைத்துக்கொள்வார். அடுத்த வீட்டுக்காரர் அதைத் தொட்டுப் பார்ப்பார்.

அவர்களோடு வேலை செய்வதில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அவர்கள் தருவது வரைபடம், மில்லிமீட்டரில் இருக்கும். "ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) முன்னப் பின்ன" என்ற பேச்செல்லாம் அங்கே ஓடாது. இரண்டு, கமிஷன். சிலர் கேட்பார்கள், சிலர் வீட்டுக்காரரிடமே கட்டணம் வாங்கிக்கொள்வதால் கேட்க மாட்டார்கள். கேட்டால் முதல் நாளே தெளிவாகப் பேசி விலையில் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்த பிறகு பேசினால் மனக்கசப்புதான். மூன்றாவதுதான் பெரியது: பணம். வீட்டுக்காரர் டிசைனருக்குக் கொடுத்து, டிசைனர் உங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டில் பாக்கி மாதக்கணக்கில் இழுக்கும். பில் நேராக வீட்டுக்காரர் பெயருக்குப் போகட்டும் என்று கேளுங்கள். நல்ல டிசைனர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் அட்வான்ஸைக் கூட்டி வாங்குங்கள்.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், கூகுள் மேப். எதில் நேரம் செலவழிப்பது?

என் வரிசை: முதலில் கூகுள் மேப், அடுத்து வாட்ஸ்அப், நேரம் மிஞ்சினால் இன்ஸ்டாகிராம்.

கூகுள் மேப்பில் பட்டறையைச் சேர்க்கக் காசு கிடையாது. பெரும்பாலும் இடத்தையும் பெயர்ப் பலகையையும் கருவிகளையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். "ஊஞ்சல் செய்பவர்", "தேக்குக் கட்டில்" என்று உங்கள் ஊரில் இருந்து தேடுகிறவர் வாங்கும் எண்ணத்தோடு தேடுகிறார். அவர் கண்ணில் படுவதுதான் முக்கியம். பொருளைக் கொடுத்துவிட்டு வரும்போது அங்கேயே, அவர்கள் சந்தோஷமாக இருக்கும்போதே, இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். என்ன பொருள், எந்த ஊர் என்பதைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட வசதி இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அளவு, மரம், எத்தனை வாரத்தில் செய்து தரலாம், விலை எதிலிருந்து ஆரம்பம் என்று எழுதுங்கள். "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்று போட்டால் வேலை வெட்டி இல்லாதவர்கள் எல்லோரும் மெசேஜ் செய்வார்கள். ஆரம்ப விலையைப் போட்டுவிட்டால் பாதிப் பேர் தாமாகவே விலகிவிடுவார்கள். மீதிப் பேரிடம் பேசினால் போதும்.

இன்ஸ்டாகிராமில் இழைப்புளியில் சுருள் சுருளாய் மரம் வரும் வீடியோவுக்கு லைக் குவியும். லைக் போடுகிறவர் டேராடூனில் இருப்பார், கட்டில் வாங்க மாட்டார். ஆனாலும் அதில் ஒரு பிரயோஜனம் உண்டு: வேறு வழியில் உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர், முன்பணம் கொடுக்கும் முன் அங்கே போய் ஒரு பார்வை பார்ப்பார். கணக்கு உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் எடுக்கத் தெரியாதே?

காலை வெயில் ஜன்னல் வழியாக வரும் இடத்தில் வையுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். போனை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, இரண்டு தப்படி தள்ளி நின்று எடுங்கள். கிட்டப் போய் எடுத்தால் கால்கள் கோணலாகத் தெரியும். பட்டறைத் தூசியும் சைக்கிளும் பின்னால் தெரிய வேண்டாம். ஒரு படத்தில் யாராவது உட்கார்ந்திருக்கட்டும், அளவு புரியும். டிராயரை இழுத்து அதன் மர இணைப்பையும், பலகையின் அடிப்பக்கத்தையும் காட்டும் படம் கட்டாயம். ஷோரூம்காரர் காட்டாத படம் அது.

இந்தியாமார்ட், ஜஸ்ட்டயல், பெரிய ஆன்லைன் கடைகள்?

முதல் இரண்டிலும் காசு கட்டினால், வாங்க விசாரிக்கிறவர்களின் நம்பர்கள் வரும். அதே நம்பர் வேறு பட்டறைகளுக்கும் போயிருக்கும், கடைசியில் விலை குறைப்புப் போட்டிதான். ஒரே நாற்காலியை நூறு செய்யும் ஆளுக்கு ஒத்துவரும். பெரிய ஆன்லைன் கடைகள் ஒரே மாதிரிப் பொருளைக் கையிருப்பில் வைத்து, பெட்டியில் மடக்கி அனுப்பச் சொல்லும். பொருள் திரும்பி வந்தால் அந்தச் செலவும் உங்களிடம் வரலாம். அளவெடுத்துச் செய்கிறவருக்கு அது சரிப்படாது.

"ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்க வர முடியாது, பணம் அனுப்புகிறேன்" என்று ஒருவர் கியூஆர் கோடு அனுப்புகிறார். நம்பலாமா?

வேண்டாம். பழைய மோசடி இது. பணம் வாங்குவதற்கு அவர் அனுப்பும் கோடை ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் அடிக்கவோ தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பேரமே பேசாமல், மரம் என்னவென்றுகூடக் கேட்காமல் வாங்க வருகிறவரைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

விலையை எப்படிச் சொல்வது? சொன்னதும் ஓடிவிடுகிறார்கள்.

சரி, இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். விலை சொன்னதும் ஆள் ஓடுவதைவிட மோசமானது, குறைத்துச் சொல்லி, ஆர்டர் வாங்கி, கையிலிருந்து போடுவது. நம்மில் நிறையப் பேர் மரக் கணக்கிலேயே தவறிவிடுகிறோம்.

ஓர் ஊஞ்சல் பலகை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். கன அடியில் 1.5 வருகிறது. ஆனால் இழைத்து முடித்தபின் ஒன்றரை அங்குலம் நிற்க வேண்டுமென்றால் இரண்டு அங்குலத்தில் அறுத்த பலகை வேண்டும். அப்போதே 2 கன அடி ஆகிவிட்டது. இதற்கு மேல் நீளத்தில் வெட்டித் தள்ளுவது, ஓரத்தில் வைரம் பாயாத வெள்ளை மரம், கணு, வெடிப்பு என்று கழிவு தனி. 1.5 என்று விலை சொன்னவர், வேலை தொடங்குவதற்கு முன்பே, தான் கணக்கிட்ட மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையிலிருந்து போட்டுவிட்டார். தேக்கு விலையில் இது சின்னப் பணமா?

கணக்கில் வர வேண்டியவை: மரம், பாலிஷ், சங்கிலி–கீல் சாமான், கூலி, வண்டி, மின்சாரம், வாடகை. இதில் உங்கள் சொந்தக் கூலியையும் ஓர் ஆளின் கூலியாக எழுதுங்கள். லாபம் அதற்கு மேல்தான். "என் உழைப்புதானே" என்று அதை விட்டுவிடுகிறவர்கள் பட்டறையை நடத்தவில்லை, பட்டறைக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார்கள்.

வாடிக்கையாளரிடம் ஒற்றை விலை சொல்லாதீர்கள். அளவெடுக்க வீட்டுக்குப் போகும்போதே மூன்று வழி சொல்லுங்கள்: முழுக்க நாட்டுத் தேக்கு; சட்டம் தேக்கு, உள்பலகை வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய பிளைவுட்; முழுக்க வேம்பு அல்லது வாகை. மூன்றுக்கும் விலை. அப்போது "வேண்டுமா வேண்டாமா" என்ற கேள்வி "எது" என்று மாறிவிடும். கேட்ட விலைக்கு இறங்க வேண்டியிருந்தால் எதையாவது குறைத்துக்கொண்டு இறங்குங்கள். கடைசல் கால் வேண்டாம், சதுரக் கால் போதும், இவ்வளவு குறையும். ஒன்றையும் குறைக்காமல் விலையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடுகிறது.

அளவெடுக்கப் போகும்போது லிஃப்டையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிட்டு வாருங்கள். மூன்றாவது மாடிக்கு ஏறாத சாப்பாட்டு மேசையை வைத்துக்கொண்டு அபார்ட்மென்ட் வாசலில் நிற்பது நல்ல விளம்பரம் இல்லை.

அட்வான்ஸ் எவ்வளவு?

பாதி. மரம் வாங்க அது போக வேண்டும். பாலிஷ் போடும் முன் பட்டறைக்கு வந்து பார்க்கச் சொல்லி இன்னும் நாற்பது சதவீதம், இறக்கியதும் மீதி. பார்க்க வரச் சொல்வது பணத்துக்காக மட்டுமில்லை, மாற்றம் ஏதாவது இருந்தால் பாலிஷுக்கு முன் செய்வது சுலபம். அளவு, மரம், நிறம், தேதி எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் மெசேஜில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

எந்த மாதத்தில் ஆர்டர் அதிகம்?

கல்யாணமும் கிரகப்பிரவேசமும் எப்போதோ, அதற்கு ஒரு மாதம் முன்னால். ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் பொருள் வேண்டும் என்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கேட்க ஆளிருக்காது. அந்த இரண்டு மாதமும் சும்மா இருக்கக் கூடாது. ஆடியில் கொலுப்படி வேலையை ஆரம்பித்துவிடுங்கள். நவராத்திரி புரட்டாசியில் வருகிறது, ஐந்து படி, ஏழு படி என்று கேட்பார்கள், முடிந்ததும் மடக்கிப் பரணில் வைக்க வேண்டும். இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் வந்துவிட்டதுதான். ஆனாலும் மரப்படி வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். மார்கழியில் பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, பொங்கலுக்கு முன் பாலிஷ் புதுப்பித்துத் தரவா என்று கேளுங்கள். சின்ன வேலைதான், ஆனால் அந்த வீட்டுக்குள் மறுபடி போகிறீர்கள்.

பெங்களூரு, புதுச்சேரியிலிருந்து கேட்கிறார்கள். அனுப்பலாமா?

பொருள் தாங்குமா என்று முதலில் பாருங்கள். ஈரக் காற்றில் செய்த பலகை வறண்ட காற்றிலும் ஏசி அறையிலும் சுருங்கும். மரத்தின் ஈரம் 10, 12 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். சட்டத்துக்குள் இருக்கும் அகலப் பலகையைப் பசை போட்டு இறுக்காமல், சட்டத்தில் பள்ளமாக வெட்டிய காடிக்குள் ஆடும்படி விடுங்கள். இல்லாவிட்டால் வெடிக்கும், அந்த வெடிப்பின் படம்தான் உங்கள் கூகுள் பக்கத்தில் முதலில் நிற்கும்.

அடுத்தது வரி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கிறவருக்கு வருட விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. மாநிலம் தாண்டி விற்றால் பொதுவாக முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். புதுச்சேரி பக்கத்து ஊர் மாதிரி இருந்தாலும் கணக்கில் வெளி மாநிலம்தான். ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, அதனால் முகவரியைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மரச்சாமானுக்கு 18 சதவீத வரி. மூங்கில், பிரம்புச் சாமான்களுக்கு 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைந்தது. நமக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் சேர்ந்தால் கணக்கு சுலபம், ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. வாங்கும் கம்பெனிகள் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் வரி வரவும் கிடைக்காது, அதனால் ஆபீஸ் ஆர்டர்கள் கைநழுவும். பதிவு பெற்றவர் வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு, தேவை. தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம்.

சிங்கப்பூரில் இருக்கும் தமிழர் ஒருவர் ஈட்டி மரத்தில் ஊஞ்சல் கேட்கிறார்.

தேக்கில் செய்து கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஈட்டி, அதாவது தோதகத்தி, சேர்ந்த பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஏற்றுமதிக்குத் தனிச் சான்று வாங்க வேண்டும். உள்ளூரிலும் பில் இல்லாத ஈட்டியைத் தொடாதீர்கள். எந்த மரமானாலும், கப்பலில் போகும் மரப்பெட்டி பூச்சி வராமல் பதப்படுத்திய மரத்தில் செய்து, முத்திரை குத்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகள் கேட்கும். இதை ஏற்றுமதி செய்து பழகிய பேக்கிங்காரரிடம் விட்டுவிடுங்கள். என் கருத்தில், வெளிநாட்டுத் தமிழரின் நல்ல ஆர்டர் அவர் ஊரில் அம்மா அப்பா இருக்கும் வீட்டுக்குச் செய்வதுதான். பணம் அங்கிருந்து வரும், பொருள் இங்கேயே இறங்கும்.

கண்காட்சியில் ஸ்டால் போடலாமா?

கட்டில், பீரோவுக்கு வேண்டாம். வாடகையும் வண்டிக்கூலியும் தின்றுவிடும். முக்காலி, மணைப்பலகை, அஞ்சறைப் பெட்டி போலக் கையில் தூக்கிப் போகும் பொருள் இருந்தால் போடுங்கள். அதை வாங்குகிறவரின் நம்பரை வாங்கி வையுங்கள், பெரிய ஆர்டர் பின்னால் வரும்.

"இது ஒரிஜினல் தேக்குதானா?" என்று கேட்டே உயிரை எடுக்கிறார்கள்.

கேட்கட்டும். நாட்டுத் தேக்கா, கானா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்ததா, பழைய வீட்டு பர்மா தேக்கா என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். பின்பலகை பிளைவுட் என்றால் அதையும் எழுதுங்கள். மரக்கடையில் கட்டையைத் தேர்ந்தெடுக்க அவரையே கூட்டிப் போகலாம். பலருக்கு அது பிடிக்கும். வைரம் எது, வெள்ளை எது என்று கட்டையைத் திருப்பிக் காட்டினால் அடுத்த அரைமணி நேரம் விலையைப் பற்றியே பேச மாட்டார்கள்.

கொடுத்த பிறகு குறை சொன்னால்?

போய்ப் பாருங்கள், அதே வாரம். கதவோ டிராயரோ இறுகினால் மழைக்காலத்து உப்பலாக இருக்கும். உடனே இழைத்துவிடாதீர்கள், கோடையில் இடைவெளி விழுந்துவிடும். டிராயர் ஓட்டத்தில் மெழுகு தேய்த்து, ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். செய்தது உங்கள் தவறென்றால் காசு வாங்காமல் சரிசெய்யுங்கள். சரிசெய்துவிட்டுக் கிளம்பும்போது, அந்த வீட்டில் வேறென்ன ஆடுகிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள்.